இரண்டே சீட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட இரண்டு துண்டும் பக்கத்து வீட்டு முருங்கையில். சாரல் வருவதும் போவதுமாக. எதுவும் காயவில்லை.

முருகேசன் ஆறரை பஸ்ஸுக்கு அந்தியூர் கிளம்பிவிட்டான். ஆடி மாதக் குதிரைச் சந்தை. அவன் மாமன் குதிரை கொண்டுவருகிறாராம், கூட நிற்க ஆள் வேண்டுமாம். "பத்து நாளுங்கக்கா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துபோடுவேனுங்க." நவீனைத் தூக்க, குளிப்பாட்ட, உடற்பயிற்சி செய்துவிட என்று ஐந்து வருடமாக எங்களோடு இருக்கிறவன். வருடத்துக்கு ஒரு தடவை கேட்கிற லீவு. எப்படி மறுப்பது.

ஆக, பத்து நாளைக்கு எல்லாம் நான்.

புது பிசியோ டாக்டர் போனில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். சொன்னேன். மகன். வயது 26. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் மூளையில் பாதிப்பு. கால் நிற்காது. கை சொன்னபடி கேட்காது. பேச்சு உண்டு, இழுத்து இழுத்து வரும், பழகினவர்களுக்குத்தான் புரியும். "புத்தி எப்படிங்க?" என்றார். எங்கள் மூன்று பேரில் அவனுக்குத்தான் அதிகம் என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு வருகிற ஆர்டர், மெயில், பெட்டியில் அச்சடிக்கிற டிசைன் எல்லாம் அவன்தான், ஒற்றை விரலால்.

வாங்க வேண்டியது: தோள்வலித் தைலம். ராகி மாவு. குளியலறைக்கு பல்பு.

சாப்பிடும்போது இவர், மழை வருதாம் என்பது மாதிரி: "அம்மணி, வண்டி வருதாமா."

"எந்த வண்டிங்க?"

"இங்கிலீஷ் வண்டிதான். மெயில் வந்துபோச்சு. பதினாலாந் தேதிக்குள்ள உறுதி சொல்லோணும். கலர், சீட்டுக்கு என்ன தோலு, எல்லாம்."

நவீன் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். அவனுக்கு முன்பே தெரியும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் புக் பண்ணியது. இவர் பாலிடெக்னிக் படித்த காலத்தில் மூடிப்போன கம்பெனி. இப்போது யாரோ பெயரை வாங்கி, அதே வண்டியைப் புதிதாக, பேட்டரியில் ஓடுகிற மாதிரிச் செய்கிறார்களாம். ஸ்போர்ட்ஸ் கார். பெயரை இங்கே எழுத மாட்டேன். இந்த வீட்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இவர் புக் பண்ணி மறந்துபோன சாமான்களில் இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

"எத்தன பேரு போலாம்?"

இவர் ரசம் ஊற்றிக்கொண்டார். "ரெண்டு."

நாங்கள் மூன்று பேர்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

நவீனை எழுப்பி, வீல்சேரில் உட்கார வைத்து, குளியலறை, மறுபடி சேர், சட்டை, காலை உணவு. முடிவதற்குள் பத்தேகால். முருகேசன் எட்டுக்கெல்லாம் முடித்துவிடுவான். வலது தோளில் பழைய வலி. தைலம் வாங்க மறந்தாயிற்று.

இவர் வழக்கம் போல எட்டரைக்குக் கம்பெனிக்கு. கம்பெனி எங்கள் கணபதி ஏரியாவிலேயே, மூன்றாவது தெரு. "ஏதாச்சும் வேணும்னா கூப்புடு" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு. என்ன வேண்டும் என்று கூப்பிடுவது? வந்து தூக்குங்கள் என்றா?

நவீன் மத்தியானம் முழுக்க லேப்டாப்பில் அந்த வண்டி. திருப்பித் திருப்பி. அதன் கதவு மற்ற கார் மாதிரிப் பக்கவாட்டில் திறக்காது, மேலே எழும்பும். "அம்மா, எந்தக் கலர்?" என்று கேட்டான். எந்தக் கலராக இருந்தால் எனக்கென்ன கண்ணு என்றேன். சுள்ளென்று வந்துவிட்டது. அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ராத்திரிச் சப்பாத்தி மாவு பிசையும்போது யோசனை. ரெண்டு சீட்டு. இவரும் யாரும்? இவர் வயதுக்காரர்கள் சிலர் இப்படித்தான். புல்லட் வாங்கினார் ஒருவர், மலை ஏறக் கிளம்பினார் இன்னொருவர். அறுபதை நெருங்கும்போது வீட்டுக்கு வெளியே எங்கேயாவது ஓடவேண்டும் என்று தோன்றுகிறது போல. எனக்கும் தோன்றுகிறது. ஓடத்தான் தெம்பில்லை.


ஆகஸ்ட் 6, புதன்

சாரல் நின்றது. காற்று மட்டும்.

காலையில் இவர் ஷோரூம் பெண்ணோடு போனில், வராந்தாவில் நடந்துகொண்டே. "ஏனுங்க பவித்ரா, சீட்டு தரையிலிருந்து எத்தன ஒசரமுங்க? ... அத்தன தாழ்வுங்களா? ... சரி, அந்தக் கதவுக்குக் கீழ இருக்கற திண்டு? ... அளந்து சொல்றீங்களா?" முழங்கால் வலிக்காக விசாரிக்கிறார் என்று நினைத்தேன். வலி இருக்கிறவர் எதற்குத் தரையோடு தரையாக இருக்கிற வண்டி வாங்க வேண்டும்.

பதினொரு மணிக்கு நாத்தனார் சுமதி போன், உடுமலையிலிருந்து. தேங்காய் விலை, மருமகள் சண்டை எல்லாம் முடிந்தபின்:

"நங்கையா, அண்ணன் ரெண்டு பேரு போற வண்டி வாங்குதாமா?"

"ஆமா சுமதி."

"நல்லதுதானுங்க. நீங்களும் நாலு எடம் பாக்கோணுமில்லீங்க? எத்தன வருசமா அந்தப் புள்ளையோடயே கெடக்கறீங்க. இங்க எங்கூருக்குப் பக்கத்துல ஒரு இல்லம் ஆரம்பிச்சிருக்காங்க. நவீன் மாதிரிப் புள்ளைங்களுக்கு. மாசத்துல நாலஞ்சு நாளு விட்டுக்கலாமுங்க. நெம்ப சுத்தமா இருக்குது. அண்ணங்கிட்டக் கூடச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னாருங்க."

பாக்கலாம்.

போனை வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன். பாதிக்கு மேல் கொழகொழவென்று ஆகிவிட்டது, துடைக்காமல் நறுக்கியிருக்கிறேன். சுமதி கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டம். நல்ல மனசோடு சொன்னாள்.

கொஞ்ச நேரம் எனக்கே ஆசையாக இருந்தது. நாலு நாள். அதையும் எழுதி வைக்கிறேன். அப்புறம் நவீன் "அம்மா, தண்ணி" என்றான். டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.


ஆகஸ்ட் 7, வியாழன்

காபி குடிக்கும்போது கேட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க உருட்டி வைத்திருந்த கேள்வி.

"சுமதி சொன்ன எடத்துல நவீன விட்டுப்போட்டு நாம ரெண்டு பேரும் ஊர் சுத்தறதுக்குத்தான் இந்த வண்டிங்களா?"

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் நிஜமான திகைப்பு. "அவ எதையோ சொன்னா, நான் போன வெக்கறதுக்காகப் பாக்கலாம்னேன். அம்மணி, நீ என்னன்னு நெனச்சுப்போட்டே?"

"பின்ன அந்த ரெண்டாவது சீட்டு யாருக்கு?"

பதில் உள் அறையிலிருந்து வந்தது. நவீன் பேசுவதற்கு எடுத்துக்கொள்கிற நேரத்தை எழுத முடியாது. சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"எனக்குத்தாம்மா."

போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன். இவர் கதவருகே நின்றுகொண்டார், திட்டு வாங்கப் போகிற பையன் மாதிரி.

"கதவு மேல போயிரும். என்ற சேரு வண்டிக்கு ஒட்டி நிக்கும். பலகை போட்டுச் சறுக்கி உள்ள போயிருவேன். வேற எந்தக் கார்லயும் கதவு குறுக்க நிக்குது. நாந்தான் கண்டுபுடிச்சு அப்பாகிட்டச் சொன்னேன்."

"நமக்கு வேன் இருக்குதே சாமி."

"வேன்ல பின்னாடி. சேரோட சேத்துக் கொக்கி போட்டுக் கட்டி. சாமான் மாதிரி. ரோடே தெரியாது."

"நானும் உங்கூடப் பின்னாடிதானே உக்காந்து வாரேன்."

"அதுதாம்மா. நீ இல்லாம ஒருக்காப் போகோணும்."

இவர் "டேய்" என்றார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவன் கோபத்தில் சொல்லவில்லை. யோசித்து, நாளாக வைத்திருந்து சொன்னது.

சரி என்று எழுந்து வந்தேன். அரிசி களைந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தேன்.

இருபத்தாறு வருடத்தில் அவன் போன இடமெல்லாம் நான் போயிருக்கிறேன். ஆஸ்பத்திரி, ஸ்கூல், கல்யாணம், பரீட்சை ஹாலுக்குள்கூட. அவன் சொல்வதை நான்தான் மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்வேன். அது அவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க நேரமும் இல்லை.

மத்தியானம் இன்னொன்று தோன்றியது. அவர்கள் இருவரும் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும். என்ன செய்வேன்? தூங்குவேன் என்று மட்டும் பதில் வந்தது.


ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி நோன்பு. எதிர்வீட்டில் கூப்பிட்டார்கள், போகவில்லை. குங்குமம் கொடுத்தனுப்பினார்கள்.

கம்பெனியில் ஒரு கூத்து. பவித்ரா அளவெல்லாம் அனுப்பிவிட்டாள். இவர் அட்டையிலேயே வண்டி செய்துவிட்டார்! ஏழு அடுக்கு அட்டை, மோட்டார் பேக்கிங்குக்குப் போடுவது. சீட்டு, கதவுக்குக் கீழே வருகிற திண்டு, முன்னால் கால் வைக்கிற இடம். நவீன் டிசைன் போட்டு, பசை ஒட்டுகிற பெண்கள் ஒட்டி, மாலை நாலு மணிக்கு ஷெட்டின் நடுவில் நிற்கிறது. என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள்.

"வாங்கக்கா, உங்கூட்டு வண்டியப் பாருங்க" என்று பெண்கள் சிரிப்பு.

நவீனின் சேரைப் பக்கத்தில் நிறுத்தி, சறுக்குப் பலகையைப் போட்டு, இவர் பின்னாலிருந்து தள்ள, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். நவீன் இல்லாத ஸ்டியரிங்கைப் பார்த்து, "அப்பா, மெதுவா ஓட்டுங்க" என்றான். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் புரியவில்லை. இவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

இறங்குவதுதான். சேர் உயரம், சீட்டு பள்ளம். பலகையில் மேலே சறுக்க முடியாது. தூக்க வேண்டும். இவர் குனிந்து நவீனின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார், கிணற்றிலிருந்து வாளி இழுப்பது மாதிரி. நவீன் வலியில் கத்தினான். அடுத்த தடவை அக்குளில் கை கொடுத்தார், தூக்கினார், பாதியில் மூச்சு வாங்கிப் பொத்தென்று விட்டார். திண்டு அப்படியே நொறுங்கிப் போயிற்று. பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் நான் போய்த் தூக்கினேன். முழங்காலை அவன் முழங்காலோடு ஒட்டி, அவன் தலையை என் தோளில் சாய்த்து, ஒரே திருப்பு. சேரில் உட்கார்ந்தான்.

இவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "இத எங்க கத்துக்கிட்டே?" என்றார்.

தினமும் நடப்பது.

சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியவர்தான். எப்போது நின்றது என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். எவரும் முடிவு செய்து நிறுத்தியதாக ஞாபகம் இல்லை. அவன் கனத்துக்கொண்டே போனான், கம்பெனி வளர்ந்துகொண்டே போயிற்று.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. களைப்பு. எழுத ஒன்றும் இல்லை. கேஸ் தீர்ந்தது, மாற்றினேன்.

இன்று ஷோரூம். அவிநாசி ரோடு. பார்வைக்கென்று ஒரு வண்டி வந்திருக்கிறது, இன்றும் நாளையும் மட்டும். பவித்ரா பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். போனால் ஊரே அங்கே. தாத்தா முதல் கைக்குழந்தை வரை. எல்லார் கையிலும் போன்.

வண்டி அழகுதான். பொய் சொல்லக் கூடாது. தாழ்வாக, வழவழவென்று, கரும்பச்சை. கதவு எழும்பும்போது கூட்டமே "ஓ" என்றது.

பவித்ராவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதலில் என்னைப் பார்த்துப் பேசினாள். "சார் உள்ள உக்காந்து பாக்கறாங்களா மேடம்?" நவீனைத்தான் கேட்கிறாள், என்னிடம். பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டேன். நவீன் என்னை ஒரு பார்வை. வாயை மூடிக்கொண்டு நாலு அடி தள்ளிப் போய், கயிறு கட்டியிருந்த இடத்துக்கு வெளியே நின்றேன்.

நவீன் ஏதோ சொன்னான். பவித்ரா இவரைப் பார்த்தாள். இவர், "பலகைய எடுக்கச் சொல்றானுங்க" என்றார். தப்பு. அவன் சொன்னது, "சேர் பிரேக்கைப் பிடிங்க." நவீன் மறுபடி சொன்னான். இவர் மூன்றாவது தடவை சரியாகப் பிடித்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். கஷ்டமான வேலை.

உள்ளே போய்விட்டான். சீட்டில் சாய்ந்தான். முன் கண்ணாடி வழியாகக் கூட்டத்தைப் பார்த்தான். கழுத்து எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும், அந்தச் சீட்டில் இரண்டு பக்கமும் அணைப்பு இருந்ததால் நேராக நின்றது. அவன் முகம் நேராக இருந்து நான் பார்ப்பது அபூர்வம். இவரைப் போல இருந்தான்.

இவர் ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பேரும் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் வந்தார். மரியாதையாகத்தான், "சார், மத்த கஸ்டமரெல்லாம் வெய்ட் பண்றாங்க."

இறங்கும்போதுதான் எல்லாம். அவசரம், சத்தம், நூறு கண். நவீனுக்குப் பதற்றம் வந்தால் கால் விறைத்துக்கொள்ளும். விறைத்தது. இரண்டு காலும் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு உள்ளே எங்கேயோ மாட்டின. இவர் குனிந்தார், தூக்கினார், முடியவில்லை. யாரோ ஒருவர், "ஆம்புலன்ஸ் கூப்புடுங்கப்பா" என்றார். ஒரு பையன் படம் எடுத்தான். நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன்.

நவீன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம்.

நின்றேன். எனக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு எட்டு தூரம். நின்றேன்.

"அப்பா," என்றான். "சித்த இருங்க. கால் தானா தளரும்." இவருக்கு இந்தத் தடவை முதலிலேயே புரிந்தது. தரையில் மண்டியிட்டு, அவன் முழங்காலில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பவித்ரா மேனேஜரை அந்தப் பக்கம் கூட்டிப்போனாள், நல்ல பெண். கால் தளர்ந்தது. இவர் தூக்கினார். அரைகுறையாக. கெண்டைக்காலுக்கு முன்னால் எலும்பில் திண்டு உரசித் தோல் பெயர்ந்தது. இவர் சட்டையில் இரண்டு பொத்தான் போயிற்று. ஆனால் சேரில் உட்கார வைத்துவிட்டார்.

வேனில் வரும்போது காலுக்கு மஞ்சள் மருந்து போட்டேன்.


ஆகஸ்ட் 11, திங்கள்

இவர் காலையில் முகம் கழுவாமல் வந்து நின்றார். "வேண்டாம்னு சொல்லிப்போடலாம் அம்மணி."

"எதையுங்க?"

"வண்டியத்தான். என்னால முடியல. எங்கியாச்சும் ரோட்டுல வெச்சு அப்படி ஆச்சுன்னா? எனக்கு அம்பத்தெட்டு. பி.பி. வேற. ஆசப்பட்டுட்டேன்."

"அவங்கிட்டச் சொன்னீங்களா?"

"நீ சொல்லேன்."

சொல்ல மாட்டேன் என்றேன். இவரே போய்ச் சொன்னார். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. இவர் நிறையப் பேசினார். நவீன் ஒரே ஒரு வார்த்தை: "சரி."

அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறக்கவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு தடவை போன், மெயிலுக்குப் பதில் வரவில்லை என்று. மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டான். கால் வலிக்கிறதா என்றேன். இல்லை.

எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. வண்டி மேல்தான் இருக்கலாம்.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணல்.

காலையில் குளியலறையில் நவீனைச் சேரிலிருந்து மாற்றும்போது இடுப்பில் சொடக் என்று ஒரு சத்தம். அவனைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டேன், அதுவரை தாங்கியது. அப்புறம் நிமிர முடியவில்லை. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நவீன் "அப்பா! அப்பா!" என்று கத்தின கத்து. இவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார், ஒரு கன்னத்தில் நுரை.

யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் நின்றார். நவீன், "அம்மாவ" என்றான்.

டாக்டர் வந்து ஊசி போட்டார். எலும்பு இல்லை, தசைப் பிடிப்பு. ஐந்து நாள் படுக்கை. "வெயிட் தூக்கவே கூடாதுங்க." இவர் முருகேசனுக்குப் போன் போட எடுத்தார். வேண்டாம் என்று நவீன் சொன்னான். என்ன பேசிக்கொண்டார்கள் தெரியவில்லை. போன் போடவில்லை.

கம்பெனிக்கு இவர் போகவில்லை.

சுவர் வழியாக, மாலை:

"அப்பா, என்ற முட்டிய உங்க முட்டியோட ஒட்டுங்க."

"ஒட்டிட்டேன்."

"இழுக்காதீங்க. சாய்ங்க. நான் முன்னால வருவேன்."

"இருடா, மூச்சு வாங்கிக்கறேன்."

"அம்மா மூச்சு வாங்க மாட்டாங்க."

"உங்கம்மாளுக்குப் பழக்கம்."

அப்புறம் ஒரு தடால். எழ முயன்றேன், முடியவில்லை. பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். பக்கெட் விழுந்திருக்கிறது.


ஆகஸ்ட் 13, புதன்

மாத்திரையில் தூக்கம். கனவில் யாரோ இட்லி வேக வைத்தார்கள். எழுந்தால் நிஜம், இவர்தான். கல் மாதிரி. இரண்டு சாப்பிட்டேன்.

இவர் இன்று நவீனை நாலு தடவை மாற்றினார். ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. நவீனின் சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தலைமுடி வகிடு வலது பக்கம். நான் இடது பக்கம்தான் எடுப்பேன். கேட்டேன். "எனக்கு வலதுதான் பிடிக்கும்" என்கிறான். இத்தனை வருடம் சொன்னதில்லை.

மத்தியானம் இவர் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"தெனமும் இப்படித்தானா?"

"முருகேசன் வந்த பொறவு கொஞ்சம் பரவால்லீங்க."

"அதுக்கு முன்னால?"

வலது தோளைத் தொட்டுக் காட்டினேன். தைலம் தேய்த்துவிட்டார். எப்போது வாங்கி வந்தார் என்று தெரியவில்லை. அதிகமாக ஊற்றிவிட்டார், கண் எரிந்தது.


ஆகஸ்ட் 14, வியாழன்

கடைசி நாள். பவித்ரா பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள். இவர் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"மேடம், சார் சொல்ல மாட்டேங்கறாங்க. வேணுங்களா, வேண்டாங்களா? இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நான் அனுப்போணுமுங்க. இல்லீன்னா அடுத்த ஆளுக்குப் போயிருமுங்க."

"சித்த இரு கண்ணு" என்றேன். இவர் நிற்கிறார், என்னைப் பார்த்தபடி. கதவுக்கு அந்தப் பக்கம் சேர்ச் சக்கரம் தெரிந்தது. அவனும் அங்கேதான்.

எனக்கு உடம்பெல்லாம் அசதி. வீட்டில் எல்லா முடிவும் கடைசியில் என் கட்டிலுக்கு வந்து நிற்பது போல.

"என்னக் கேக்காதீங்க. ரெண்டு சீட்டு. அதுல உக்காரப்போறது நீங்க ரெண்டு பேரு. நீங்களே பேசிச் சொல்லுங்க."

"உனக்குப் பயமா இல்லியா?"

"இருக்குதுங்க. நெம்ப இருக்குது. அதுக்காக என்ன பண்றது?"

இவர் போனை வாங்கிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் இருவரும் சண்டை. வேண்டுமா வேண்டாமா என்பதற்கு இல்லை, அது எப்போது முடிவாயிற்று என்றே எனக்குத் தெரியவில்லை. கலருக்கு. இவருக்குக் கரும்பச்சை. நவீனுக்கு மஞ்சள். "ரோட்டுல எல்லாரும் பாப்பாங்கடா." "பாக்கட்டும். எப்படியும் பாக்கத்தான் செய்றாங்க."

மஞ்சள்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

கம்பெனியில் கொடி ஏற்றிவிட்டு, மிட்டாயோடு இவர் ஒன்பது மணிக்கே வீட்டில்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடந்தேன். ஸிங்க்கில் பாத்திர மலை. பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பவித்ரா மறுபடி போன். குரலே சரியில்லை. இங்கிலாந்திலிருந்து இன்றுதான் சொல்லியிருக்கிறார்கள், வண்டி இந்த வருடம் வராது. பேட்டரியில் ஏதோ மாற்றமாம். தையோ மாசியோ, அதுவும் உறுதியில்லை. "நேத்து உறுதி வாங்கிட்டு இன்னிக்கு இப்படிச் சொல்றதுக்கு எனக்கே அசிங்கமா இருக்குதுங்க சார்."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். கத்துவார் என்று நினைத்தேன். "பரவால்ல உடும்மா. நீ என்ன பண்ணுவே" என்றார். வைத்துவிட்டு நவீனிடம், "உனக்கு எப்படியோ, எனக்கு நல்லதுதான். அதுக்குள்ள இடுப்பு பழகிப்போயிரும்."

நவீனுக்கு முகம் வாடித்தான் போயிற்று. எனக்கும், ஆச்சரியமாக, ஒரு ஏமாற்றம். வரவே வேண்டாம் என்று இருந்தவள் நான்.

முருகேசன் போன். பின்னால் ஒரே கூச்சல், குதிரைக் கனைப்பு. "அக்கா, மாமன் குதிர இன்னும் விக்கலீங்க. ரெண்டு நாளு எச்சா ஆகுமுங்க, கோவிச்சுக்காதீங்க." மெதுவா வா என்றேன். நம்பவில்லை. "உடம்பு கிடம்பு சரியில்லீங்களாக்கா?" என்கிறான்.


ஆகஸ்ட் 16, சனி

வெயில். பன்னிரண்டு நாளில் இன்றுதான் நிழல் விழுகிற வெயில்.

மூன்று மணிக்கு வாசலில் ஏதோ சத்தம். சன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் வேனின் முன் கதவைத் திறந்து, நவீனை டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். கதவு குறுக்கே நிற்கத்தான் செய்தது. சேரைச் சாய்வாக நிறுத்தி, முட்டியை ஒட்டி, சாய்ந்து, ஒரு திருப்பு. சீட்டு உயரம், இவர் முகம் சிவந்துபோயிற்று, ஆனாலும் ஏற்றிவிட்டார். பெல்ட் போட்டார். கழுத்துக்கு ஒரு பக்கம் என் தலையணையைச் செருகினார். என்னைக் கேட்காமல் எடுத்தது.

மடக்கிய சேரைப் பின்னால் போட்டுவிட்டு இவர் சன்னலுக்குக் கீழே வந்தார். "அம்மணி, வாரோம்."

எங்கே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சாப்பாடு எடுத்தீர்களா, தண்ணீர், மாற்றுத் துணி, மாத்திரை. எதையும் கேட்கவில்லை. நவீன் கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை. வேன் தெரு முனையில் திரும்பியது.

வீட்டில் சத்தமே இல்லை. ஃப்ரிட்ஜ் ஓடுவது கேட்கிறது. அது இவ்வளவு சத்தம் போடும் என்று தெரியாது.

தூங்கலாம் என்று படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஐந்தரை. இன்னும் வரவில்லை. இரண்டு தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன். கால் விறைத்திருக்குமோ. இவருக்கு மூச்சு வாங்கியிருக்குமோ. கூப்பிட்டிருப்பார்கள், அப்படி ஏதாவது என்றால்.

பசிக்கிறது. மாவு இருக்கிறது. எனக்கு மட்டும் ஒரு தோசை ஊற்றப் போகிறேன், நெய் விட்டு, முறுகலாக.